தம்பி போடாத கையெழுத்து

என் தம்பி ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தான். வயதுக்குச் சான்றாகப் பள்ளிக்கூடத்துச் சர்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்திருந்தான். முதல் தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். பாரத்தை ஏஜென்ட் நிரப்பியாகிவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் போடவிடாமல் தடுத்தவன் நான்.

இதை நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் எனக்காகப் பரிந்து பேசுவார்கள். அந்தக் காலத்தில் இன்ஷூரன்ஸ் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பார்கள். தெரியாமல் தடுத்திருந்தால் இன்றைக்கு இத்தனை உறுத்தாது. எனக்கு நன்றாகவே தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் நான். அந்தப் பாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற வழியில், உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் அப்பா கடைசி வரைக்கும் அடுத்தவர் காட்டில் உழுதவர். அவர் போன பிறகு நானும் தம்பியும்தான் தலையெடுத்துச் சொந்தமாகக் கொஞ்சம் காடு வாங்கினோம். நான் காட்டைப் பார்த்துக்கொண்டேன். அவன் லாரி ஓட்டினான். பெரம்பலூரில் ஒரு முதலாளியிடம் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரி. அவன் சம்பளத்தில் கிணறு வெட்டினோம், என் உழைப்பில் வெள்ளாமை எடுத்தோம். ஒரே களம், ஒரே மாட்டுக் கொட்டகை, பக்கத்துப் பக்கத்து வீடு. அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரில் எங்களைக் காட்டிச் சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது.

அவனோடு லாரி ஓட்டிய பெரம்பலூர்க்காரர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. அவர் போட்டு வைத்திருந்த இன்ஷூரன்ஸ் பணம் வந்து, அந்தக் குடும்பம் எப்படியோ நிமிர்ந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து என் தம்பி அவர்கள் வீட்டுக்குப் போனபோது பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்களாம். அதை அவன் என்னிடம் ஏதோ அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் போலச் சொன்னான்.

"எழவு வூடு மாதிரியே இல்லண்ணே. அதது அதும்பாட்டுக்கு நடக்குது" என்றான்.

"அதுக்கு என்னாங்கற இப்ப?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

அவன் சுபாவம் அது. ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல மாட்டான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். என் கோபம் ஆறுகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே நிற்பான், பிறகு மெதுவாகத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த ஒரு காரியத்தைத்தான் அவனால் சாதிக்க முடியாமல் போனது.

எழுபத்தாறாம் வருஷம் வைகாசி மாதம். களத்தில் கடலை காயப் போட்டிருந்தோம். தம்பி இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். காலை பத்து மணி வாக்கில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சைக்கிளில் வந்து இறங்கினார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர். மனைவி பெயரில் ஏஜென்சி எடுத்து, விடுமுறை நாளெல்லாம் ஊர் ஊராகச் சுற்றுவார். நல்ல மனிதர், பொறுமைசாலி. அவரைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. எழவு சொல்ல வருகிற ஆள் மாதிரி மூஞ்சி என்று தம்பியிடம் சொல்வேன்.

"அண்ணே, உனக்குப் பயந்துகிட்டு அவரு ஊரு எல்லையிலயே ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுத்தான் வர்றாரு" என்று தம்பி சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலையைத் தள்ளிக்கொண்டிருந்த பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்து பாரத்தை வாங்கினேன். நின்றபடியே முழுதும் படித்தேன். பெயர், வயது, தொழில், தகப்பனார் எதனால் இறந்தார், தாயார் எதனால் இறந்தார், உனக்கு என்னென்ன வியாதி உண்டு. ஒவ்வொரு வரியும் சாவைத்தான் விசாரித்தது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பாலிசி. பணம் யாருக்கு என்கிற இடத்தில் தம்பி தன் மனைவியின் பெயரைச் சொல்லி எழுத வைத்திருந்தான்.

இப்போது யோசித்தால், அந்த இடம்தான் என்னைக் குத்தியிருக்கிறது. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன என்று யோசித்திருக்கிறான். யோசித்தபோது என் நினைப்பு வரவில்லை. ஒரு தாள் நினைவுக்கு வந்திருக்கிறது.

"ஏன் சார், இதெல்லாம் யாருக்கு வேணும்?" என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

"புள்ளைங்களப் பெத்தவங்களுக்குத்தாங்க முக்கியமா வேணும். உங்க தம்பிக்குச் சின்னச் சின்னதா ரெண்டு இருக்கு. அவரு தொழிலும் ரோட்டுல ஓடுற தொழிலு."

"கூடப் பொறந்தவன் இல்லாதவனுக்கு வேணும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். இவனுக்கு நான் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்க, இல்லேங்கலிங்க. அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது."

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்? நாளைக்கு இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவன் புள்ளைங்களத் தெருவுல விட்டுடுவேன்னு இவன் நெனைக்கிறான். அதத்தான் நீங்க எழுதிக் கொண்டாந்திருக்கீங்க."

தம்பி எழுந்துவிட்டான். "அப்படி யாருண்ணே சொன்னா? நீ ஏன் அப்படி எடுத்துக்கற?"

வாத்தியார் என்னை மாதிரி எத்தனை அண்ணன்களைப் பார்த்திருப்பாரோ. பேனாவைத் திறந்து தம்பியிடம் நீட்டினார். தம்பி அதைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் தம்பியின் மூத்த மகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். ஆறு வயது அவளுக்கு. எங்கள் பக்கம் தம்பி பெண்டாட்டி கணவனுடைய அண்ணனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். என்ன சொல்ல வேண்டுமானாலும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவாள், அல்லது கதவுக்குப் பின்னால் நின்று பொதுவாகச் சொல்வாள். அந்த வீட்டுக்கு வாழ வந்து ஏழு வருஷத்தில் என் தம்பி மனைவி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

குழந்தை சொன்னாள்: "பெரியப்பா, அப்பாவக் கையெழுத்துப் போடச் சொல்லுது அம்மா. உங்ககிட்டயும் சொல்லச் சொல்லுது."

அவ்வளவுதான். எனக்குக் கண் மண் தெரியவில்லை. "உங்கம்மாகிட்டப் போயிச் சொல்லு. கட்டுன புருஷன் சாவுக்கு வெல பேசுற பொம்பளைய இந்த ஊரு இன்னும் பாக்கலன்னு சொல்லு" என்றேன்.

உள்ளே இருந்தவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். கேட்டிருக்கும். ஆனாலும் அந்தக் குழந்தை சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை. உள்ளே போய், ஒரு வார்த்தை விடாமல், என் குரல் மாதிரியே அதைத் தன் அம்மாவிடம் சொன்னாள். களத்தில் நின்ற எங்கள் மூன்று பேருக்கும் அது கேட்டது. 

தம்பியின் முகம் சுண்டிப்போனது. பேனாவை மூடி வாத்தியாரிடம் கொடுத்தான். "விடுங்க சார். அண்ணன் மனசு சங்கடப்பட்டு எதுவும் செய்ய வேணாம்" என்றான். வாத்தியார் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, "இன்னொரு நாளைக்குப் பேசலாங்க" என்றார். நான் பலகையை எடுத்துக் கடலையைத் தள்ளப் போய்விட்டேன்.

எடுத்து வைத்திருந்த தவணைப் பணம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. நானே போய்க் கேட்டேன், அவன் கொடுத்தான். அரியலூரில் கொடுத்துக் காயில் கட்டிக் கொண்டுவந்து தண்ணீர் பாய்ச்சினேன். அப்போது எனக்கு அது சரியான செலவாகத்தான் பட்டது. தாளுக்குப் போகிற பணம் பயிருக்குப் போனது என்று வீட்டில் பேசினேன்.

அதற்குப் பிறகு தம்பி இன்ஷூரன்ஸ் பேச்சை எடுக்கவில்லை. வாத்தியார் இரண்டு மூன்று முறை வந்தார். நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷம் ஓடியது. என் தம்பி நிதானமான டிரைவர், அவனுக்கு ரோட்டில் ஒன்றும் வராது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான், ரோட்டில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. மஞ்சள் காமாலை வந்தது. முதலில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு ஊரில் பச்சிலை கொடுத்தார்கள். பத்தியம் இருந்தான். குறைந்த மாதிரி இருந்து திரும்ப வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி, கடைசியில் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒன்பது நாள் இருந்தான். நான் பக்கத்திலேயே தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தேன்.

அந்த ஒன்பது நாளில் ஒரு தடவையாவது அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசுவான் என்று பயந்தேன். திட்டுவான், குறைந்தபட்சம் ஒரு பார்வையாவது பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. "வூட்டுக்குப் போயிரலாம்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். எட்டாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைங்க சின்னதுங்க" என்றான். நான் இருக்கேன்டா என்றேன். அவன் தலையை ஆட்டினான். நம்பித்தான் ஆட்டினான். 

அவன் போன பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்குப் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் கூடி, செத்தவன் குடும்பத்துக்கு இனி யார் பொறுப்பு என்று சபையில் பேசி முடிப்பது எங்கள் வழக்கம். கொள்ளி வைத்த மகனுக்குத் தாய்மாமன் தலையில் உருமால் கட்ட வேண்டும். அந்த மகனுக்கு நான்கு வயது. புதுத் துண்டு அவன் தலையில் நிற்காமல் கண்ணை மறைத்து மூக்கு வரைக்கும் சரிந்தது. தாய்மாமன் அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுக்கொண்டே அழுதார். நான் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "யாரும் எதுவும் பேச வேண்டியதில்ல. இதுங்களுக்கு நான் இருக்கேன்" என்றேன். சபையில் எல்லாருக்கும் நிம்மதி. பேச்சு அதோடு முடிந்தது.

இன்ஷூரன்ஸ் வாத்தியாரும் வந்திருந்தார். சாப்பிடாமல் கிளம்பினார். வழியனுப்பப் போன என்னிடம், "அன்னிக்குப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். தெருமுனை வரைக்கும் ஏறவில்லை.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நெல் அளந்தேன். கடலை எண்ணெய் கொடுத்தேன். தீபாவளிக்குத் துணி எடுத்தேன். ஆனால் எல்லாவற்றையும் எப்படிக் கொடுத்தேன் என்று யாரும் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

தம்பி மகள் வருவாள். வாசலில் வந்து நிற்பாள். "பெரியப்பா, நோட்டு வாங்கணுமாம்" என்பாள். நான் கணக்குப் பார்க்கிற மாதிரியோ, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரியோ கொஞ்ச நேரம் அவளைக் கவனிக்க மாட்டேன். பிறகு, "போன மாசம்தான நோட்டு வாங்குன?" என்பேன். "அது தீந்துடுச்சு பெரியப்பா." "அதுக்குள்ளயா?" என்பேன். அப்புறம் கொடுப்பேன். சில நாள், "நாளைக்கு வா" என்பேன். மறுநாள் வருவாள். கொடுக்காமல் அனுப்பியதே கிடையாது. ஆனால் அவள் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. நான் இருக்கிறேன் என்று நான் சொன்னதற்கு அதுதான் சாட்சி என்று பட்டது. அவர்கள் கேட்கக் கேட்க நான் பெரிய மனிதன் ஆகிக்கொண்டிருந்தேன்.

நாளாக ஆக அந்தப் பெண் வருவது குறைந்தது. செலவு குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்காமலேயே சமாளிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

உள்ளூரில் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஆறாவதுக்கு அரியலூர் போக வேண்டும். அந்தப் பெண் ஐந்தாவதில் முதல் மார்க். தலைமை ஆசிரியை அம்மாவே என் வீட்டுக்கு வந்து சொன்னார். பெரம்பலூரிலிருந்து மாற்றலாகி வந்து, ஊரிலேயே தனியாக வீடு எடுத்துத் தங்கியிருந்தவர். நான் அவருக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, "பொட்டப்புள்ள, பஸ்ஸுல தனியாப் போயிட்டு வரணும். அடுத்த வருஷம் பாப்போம்ங்க" என்றேன். அதே ஜூன் மாதம்தான் என் பையனைத் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்த்தேன்.

"ரெண்டையும் சேத்துப் பாருங்களேன்" என்று என் மனைவி மெதுவாகச் சொன்னாள். அவள் வாயை அடைத்துவிட்டேன். என்ன சொல்லி அடைத்தேன் என்பதை எழுத வேண்டாம்.

அந்த ஒரு வருஷம் தம்பி மகள் என் காட்டில் கடலை ஆய்ந்தாள், பருத்தி எடுத்தாள். கூலியை ஒழுங்காகக் கொடுத்தேன். பதினோரு வயதுப் பெண்ணின் கையில் கூலியை எண்ணி வைத்தபோது எனக்கு ஒன்றும் கூசவில்லை.

எண்பத்திரண்டில் சத்துணவு வந்தது. சமையல் வேலைக்குப் புருஷனை இழந்த பெண்களுக்கு முதலிடம் என்றார்கள். தலைமை ஆசிரியை அம்மா என் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒன்றிய ஆபீசுக்குப் போய் மனு கொடுத்திருக்கிறார். எனக்கு இரண்டும் தெரியாது. மனுவும் தெரியாது, வேலை கிடைத்ததும் தெரியாது. ஒருநாள் காட்டில் மடை மாற்றிக்கொண்டிருந்தேன். வரப்பில் யாரோ வருகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள். பிள்ளைகள் யாரும் கூட இல்லை.

"மாமா" என்றாள். பதிமூன்று வருஷத்தில் முதல் முறையாக.

நான் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"சத்துணவுல வேல கெடச்சிருக்கு. நாளையிலேருந்து போறேன். பாப்பாவத் திங்கக்கெழம அரியலூர் ஸ்கூல்ல சேக்கறேன். பணம் கேட்டு வரல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நான் சேக்க மாட்டேன்னு சொன்னனா? அடுத்த வருஷம்னுதான சொன்னேன்" என்றேன்.

"ஆமாங்க. அடுத்த வருஷம்தான் இது" என்றாள். திரும்பி நடந்தாள்.

ஊரில் நாலு பேர் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அண்ணன் இருந்தும் தம்பி பெண்டாட்டி அடுப்பூதப் போகிறாள் என்பார்களே என்று குமைந்தேன். ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண் யூனிபார்ம் போட்டுக்கொண்டு காலையில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்து, "பரவால்ல, படிக்கட்டும்" என்றுதான் சொன்னார்கள். நான் அவள் நிற்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அவர்கள் வீட்டிலிருந்து யாரும் என் வாசலுக்கு எதுவும் கேட்டு வரவில்லை. பொங்கலுக்கு வருவார்கள், காலில் விழுந்து கும்பிடுவார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது.

எண்பத்து நாலு என்று ஞாபகம். ஒரு மத்தியான நேரம். தம்பி மகன் வந்து, "பெரியப்பா, அம்மா உங்களப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுச்சு. கையெழுத்துப் போடணுமாம்" என்றான். என்ன கையெழுத்து என்று அவனுக்குத் தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சத்துணவுக் கூடத்தின் பெஞ்சில் இன்ஷூரன்ஸ் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பக்கத்தில் தலைமை ஆசிரியை அம்மா. என் தம்பி மனைவி பெரிய குண்டானைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பாலிசி ஒண்ணு போடறேன் மாமா" என்றாள். "உங்களுக்குத் தெரியாமப் போடக் கூடாதுன்னுதான் வரச் சொன்னேன். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணுமாம்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியார் பாரத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார். பெயர், வயது, தொழில். கணவர் எதனால் இறந்தார் என்று கேட்டபோது, "காமால" என்றாள். அவர் எழுதினார். பணம் யாருக்கு என்று கேட்டார். மகள் பெயரையும் மகன் பெயரையும் சொன்னாள்.

"ரெண்டு பேரும் மைனரு. அதுங்க பெரிய ஆளாகறதுக்குள்ள ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அதுங்களுக்காகப் பணத்த வாங்கிப் பாத்துக்கறதுக்கு ஒரு பெரியவங்க பேரு எழுதணும்மா. அவங்களும் சம்மதம்னு கையெழுத்துப் போடணும்" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நானும் அதற்குத்தான் வரச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துச் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துவிட்டேன். வேறு யார் பெயரை எழுதுவாள்? தாய்மாமன் இருந்தார், ஆனால் அவர் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். ஊரில், கையெட்டும் தூரத்தில், பெரியப்பன் என்று நான் ஒருவன்தான். அந்த நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இத்தனைக்கும் பிறகு என் பெயர்தான் வரப்போகிறது என்று மனசு குளிர்ந்துவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை.

"டீச்சரம்மா பேரு எழுதுங்க" என்றாள்.

வாத்தியார் பேனாவை நிறுத்தினார். தலைமை ஆசிரியை அம்மா தரையைப் பார்த்தார். அவருக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

"ஏம்மா, நான் இல்லையா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கோபம் வரவில்லை. என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவள் சேலைத் தலைப்பால் கையை இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க இல்லைன்னு சொன்னதில்ல மாமா. எனக்கு அது தெரியும். நாளைக்கு நான் இல்லாமப் போனாலும் நீங்க குடுப்பீங்க. கேட்டா குடுப்பீங்க. எம் புள்ளைங்க கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது."

அவள் குரலில் கசப்பு கொஞ்சமும் இல்லை. அரிசி எத்தனை படி போட்டேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் களத்தில் நின்று நான் அவளைச் சொன்ன சொல்லை அவள் அன்றைக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாத்தியார் தலைமை ஆசிரியை அம்மாவின் பெயரை எழுதினார். அந்த அம்மா சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். என் தம்பி மனைவி குனிந்து, நிதானமாக, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். கடைசியில் வாத்தியார் பாரத்தை என் பக்கம் திருப்பி, சாட்சி என்கிற இடத்தை விரலால் காட்டினார். நான் போட்டேன். கையெழுத்து கோணலாக விழுந்தது.

இருபது வருஷப் பாலிசி அது. கடைசித் தவணை வரைக்கும் அவளே கட்டி முடித்தாள். ஒரு தவணைக்குக்கூட என்னிடம் வந்து கேட்கவில்லை.